அம்மாச்சியை ஹோம்ல சேர்க்கப் போறீங்களா? பேப்பர், பாத்ரூம், சாவிக்கொத்து... நேர்ல போய் செக் பண்ண வேண்டியவை!

``மாப்ள, அம்மாச்சி பாத்ரூம்ல விழுந்துருச்சு. எலும்பு முறியல, தப்பிச்சிருச்சு. ஆனா இனிமே தனியா விட முடியாதுடா. ஹோம் ஏதாச்சும் நல்லதா இருந்தா சொல்லேன்...''

திருப்பூரில் வேலை பார்க்கும் நண்பனிடமிருந்து போன். அவன் அம்மாச்சி உத்தமபாளையத்தில் தனியாக இருக்கிறார். வயது 78. நண்பனின் அம்மா அவனோடு திருப்பூரில், மாமா குடும்பம் இடுக்கியில் ஏலக்காய்த் தோட்டத்தில். திருப்பூர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாச்சிக்கு முட்டி வலி. கூட்டிக்கொண்டு போனால் வீட்டுச் சிறைதான்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம் இந்தக் கதை வீட்டுக்கு வீடு உண்டு. பிள்ளைகள் திருப்பூர், கோவை, சென்னை என்று போய்விட, திராட்சைத் தோட்டத்தையும் பூட்டிய மாடியையும் காவல் காக்கிறவர்கள் பெரியவர்கள்தான். 2021-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவிகிதம். பெரிய மாநிலங்களில் கேரளாவுக்கு (16.5 சதவிகிதம்) அடுத்த இடம். ஹோம் என்ற வார்த்தையைக் கேட்டாலே முகம் சுளித்த காலம் போய், `எந்த ஹோம்?' என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

நண்பன் கேட்டது `நல்ல ஹோம்' அட்ரஸ். அப்படி ஒரு லிஸ்ட் என்னிடம் இல்லை. ஆனால், என்ன பார்க்க வேண்டும் என்று ஓரளவு தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் பைக்கில் கிளம்பி பள்ளத்தாக்கில் மூன்று ஹோம்களைச் சுற்றி வந்தோம். அங்கே பார்த்தது, சட்டம் சொல்வது, நாம் கேட்க மறந்துபோவது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. ஹோம்களின் பெயர்கள் வேண்டாம்.

``டிரஸ்ட் ரிஜிஸ்டர் ஆகியிருக்கு சார்!''

முதல் ஹோமில் ரிசப்ஷன் சுவர் முழுக்க ஃபிரேம் போட்ட சான்றிதழ்கள். மேனேஜர் ஒவ்வொன்றாகக் காட்டினார். டிரஸ்ட் பத்திரம், 12ஏ, 80ஜி, நிதி ஆயோக்கின் தர்பன் எண். நண்பன் அசந்துபோய்விட்டான்.

இதில் ஒன்றுகூட `முதியோர் இல்லம் நடத்தலாம்' என்பதற்கான அனுமதி இல்லை. டிரஸ்ட் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவது. நீங்களும் நானும்கூட நாளைக்கே ஒன்று பதியலாம். 12ஏ அந்த அமைப்புக்கான வரிவிலக்கு. 80ஜி நன்கொடை கொடுக்கிறவருக்கு வரிச்சலுகை. தர்பன் எண் என்பது தொண்டு நிறுவனங்களுக்கான அடையாள எண், அவ்வளவுதான். பாட்டி படுக்கப்போகும் கட்டடத்தை யாராவது வந்து பார்த்தார்களா என்பதற்கு இவை எதுவும் சாட்சி இல்லை.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு. சமூக நலத்துறையில் முதியோர் இல்லமாகப் பதிவு செய்த சான்றிதழ். பதிவு எண், எந்தத் தேதி வரை செல்லும், எத்தனை பேருக்கு அனுமதி, இந்த மூன்றையும் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க விடவில்லை என்றால், அதுவே ஒரு பதில். கூடவே கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று, சமையலறைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு ஆகியவற்றையும் கேளுங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. எல்லா ஹோமுக்கும் ஒரே சட்டம் இல்லை. முதியோருக்கு 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். குழந்தைகள் இல்லம் என்றால் 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 சட்டம், மனநல சிகிச்சைக்கு 2017 சட்டம். பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதி, இல்லங்களுக்குத் தமிழ்நாட்டின் 2014 சட்டம். (இந்தக் கடைசிச் சட்டம், சென்னையில் நீங்கள் தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் சேர்த்துத்தான். வார்டனிடம் லைசென்ஸ் கேட்டிருக்கிறீர்களா?) ஒரே காம்பவுண்டில் பெரியவர்கள், மனநலம் பாதித்தவர்கள், ஆதரவற்ற பெண்கள் என்று எல்லோரையும் வைத்திருந்தால், ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விழுப்புரம் மாவட்டம், குண்டலப்புலியூர் அன்பு ஜோதி ஆசிரமம் நினைவிருக்கலாம். அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று உறவினர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான், 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனார்கள். சுமார் 140 பேர் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் பல வருஷமாக நடந்த இடம் அது என்று அப்போதுதான் வெளியே தெரிந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. சேர்த்துவிட்டவரை வேறு ஊருக்கு மாற்றியதுகூட குடும்பத்துக்குத் தெரியாது என்பதுதான் அந்த வழக்கின் ஆரம்பப் புள்ளி. அதனால், `எங்களைக் கேட்காமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது' என்பதை எழுத்தில் வாங்குங்கள். சேர்க்கும் விண்ணப்பத்தில் அப்படி ஒரு வரி இல்லையென்றால், நீங்களே பேனாவால் எழுதிக் கையெழுத்து வாங்கலாம்.

ராத்திரி சாவி யார்கிட்ட?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்விதான் ஞாபகம் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தீப்பிடித்தால் கதவை யார் திறப்பார்கள்?

2001 ஆகஸ்ட் 6, அதிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த மனநலக் காப்பகம் ஒன்றில், ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. காரணம், சங்கிலி. அதற்குப் பிறகு அங்கிருந்த அதுபோன்ற காப்பகங்களை அரசு மூடியது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. 2017-ன் மனநலச் சட்டம், எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று நேரடியாகவே தடை போட்டிருக்கிறது.

இப்போது சங்கிலி இல்லை, பூட்டு இருக்கிறது. `மறதி நோய் உள்ளவங்க வெளியே போயிடுவாங்க சார்' என்று கிரில் கேட்டைப் பூட்டுகிறார்கள். காரணம் நியாயம்தான். ஆனால் நாங்கள் போன இரண்டாவது ஹோமில், மாடி கிரில்லின் சாவி மேனேஜரின் பைக் சாவிக்கொத்தில் இருந்தது. ராத்திரி அவர் வீட்டுக்குப் போய்விடுவார். ``ஆயாகிட்ட ஒரு செட் இருக்கும்'' என்றார். அந்த அக்காவைக் கேட்டோம். ``என்கிட்ட ஏதுப்பா சாவி?'' நண்பன் என்னைப் பார்த்தான். கிளம்பிவிட்டோம்.

2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, தூக்கத்தில் இருந்த பெண்கள் உயிரிழந்தார்கள். பாதுகாப்பில்லாத கட்டடம் என்று முன்பே நோட்டீஸ் தரப்பட்டிருந்தது, அதற்குப் பிறகு செய்தியானது. நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ரெண்டு, மூன்று மணி நேரம்தான். நடக்க முடிந்த இளம்பெண்களுக்கே அந்த நிலைமை என்றால், வாக்கர் பிடித்து நடக்கிறவர்களை யோசியுங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு சிலிண்டரைப் பார்த்துத் திருப்தியாகிவிடாதீர்கள். அதன் கழுத்தில் சின்ன மீட்டர் இருக்கும். முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். சிவப்பில் இருந்தால் அது வெறும் அலங்காரப் பொருள். கட்டியிருக்கும் அட்டையில் கடைசியாக சர்வீஸ் செய்த தேதி இருக்கும். அப்புறம், ராத்திரி டியூட்டி பார்ப்பவரிடம் (மேனேஜரிடம் இல்லை) `இதை எப்படி இயக்கணும்கா?' என்று கேளுங்கள். பின்னை உருவி, குழாயைத் தீயின் அடிப்பக்கம் காட்டி, கைப்பிடியை அழுத்தி, பக்கவாட்டில் வீச வேண்டும். தெரியவில்லை என்றால் பயிற்சியே நடக்கவில்லை என்று அர்த்தம். நடக்க முடியாதவர்களை மாடியில் வைத்திருக்கிறார்களா, ரெண்டாவது வழி இருக்கிறதா, அந்த வழியில் பழைய கட்டிலும் அரிசி மூட்டையும் அடுக்கியிருக்கிறார்களா, கேஸ் சிலிண்டர் படுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணாலேயே தெரியும்.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு விஷயம். ஆனி, ஆடிக் காத்து. கணவாய் வழியாக வருகிற காற்றில் தகரக் கூரை பறப்பது இங்கே புதுசில்லை. மொட்டை மாடியில் ஷீட் போட்டு `எக்ஸ்ட்ரா வார்டு' என்று கட்டில் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாத்ரூமுக்குப் போங்க, நீங்களே உட்காருங்க

அம்மாச்சி விழுந்தது பாத்ரூமில். ஆனால் ஹோம் பார்க்கப் போகிற நிறைய பேர் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்து பாருங்கள். எழுந்திருக்கும்போது கை எதைப் பிடிக்கிறது? சுவரில் கம்பி இருக்க வேண்டும். துண்டு போடும் கம்பி இல்லை, உடம்பு எடையைத் தாங்கும் கம்பி. ஆட்டிப் பாருங்கள். தரை ஈரமாக இருக்கும்போது காலால் தேய்த்துப் பாருங்கள். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கிறதா? உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் கதவை உடைக்கிற நிலைமை வரக் கூடாது. கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ராத்திரி எரியும் சின்ன லைட் உண்டா? சாய்தளம் இருந்தால் சரிவை கவனியுங்கள். ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. மூன்றாவது ஹோமில் இருந்த சாய்தளம், சிலிண்டர் வண்டி ஏற்றப் போட்டதுபோல செங்குத்தாக இருந்தது. வீல்சேரைத் தள்ளினால் ஆள் பறந்துவிடுவார். சொன்னதும் அந்த ஹோமை நடத்தும் அம்மா கோபப்படவில்லை. ``கொத்தனார்கிட்ட அப்பவே சொன்னேன் தம்பி, கேட்டாத்தானே!'' என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த நோட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

படுக்கையோடு இருப்பவர்கள் அந்த ஹோமில் இருந்தால், பராமரிப்பின் உண்மையான மார்க் ஷீட் அவர்கள்தான். அசைய முடியாதவரை ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பக்கத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். `யாருக்காச்சும் படுக்கைப்புண் இருக்கா, எத்தனை மணிக்கு யார் திருப்பினாங்கன்னு எழுதி வைக்கிறீங்களா?' என்று கேளுங்கள். வாசனையும் ஒரு தகவல்தான். டெட்டால் வாடை மட்டும் மூக்கைத் துளைத்தால் நீங்கள் வருவது தெரிந்து கழுவியிருக்கிறார்கள். அதனால்தான், முதல்முறை சொல்லிவிட்டுப் போனாலும் ரெண்டாவது முறை சொல்லாமல் சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்குப் போகச் சொல்கிறேன். பகல் ஷிஃப்ட் முடிந்து ஆள் குறையும் நேரம் அது.

சாப்பாடு: எப்போ என்பதுதான் முக்கியம்

சமையல் ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டியது நேரம். சில ஹோம்களில் ராத்திரிச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்து, காலை டிபனை எட்டு, எட்டரைக்குத் தருகிறார்கள். நடுவில் 14 மணி நேரம் வெறும் வயிறு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு அதிகாலையில் சர்க்கரை கீழே இறங்கிப்போனால், தூக்கத்திலேயே மயக்கம். படுக்கும் முன் பாலோ பிஸ்கட்டோ கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். மாசம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்பதும் முக்கியம். ரெண்டு மாசத்தில் நாலு கிலோ குறைந்தால் ஏதோ சரியில்லை.

மாத்திரைக்கு, ஒவ்வொருவர் பெயரிலும் தனி டப்பா, கூடவே `எந்த வேளை, யார் கொடுத்தது' என்று டிக் செய்யும் தாள் இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு தாளில் அன்றைக்கு ராத்திரி மாத்திரைக்கும் மத்தியானமே டிக் போட்டு வைத்திருந்தார்கள்! முன்கூட்டியே சாமர்த்தியம்.

ஆஸ்பத்திரித் தூரம் இந்தப் பள்ளத்தாக்கில் சாதாரண விஷயமில்லை. கம்பத்திலிருந்து க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 50 கிலோமீட்டருக்குப் பக்கம். பக்கவாதம் வந்தால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழா வாரத்தில் அந்த ரோட்டில் போயிருக்கிறீர்களா? அதனால், `ராத்திரி முடியலைன்னா எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, கூட யார் போவாங்க?' என்று மூன்றுக்கும் பதில் வாங்குங்கள். `108-க்கு போன் பண்ணுவோம்' என்பது பாதிப் பதில்தான். கூடப் போகிற ஆள் கிளம்பினால் ஹோமில் மிச்சம் யார் இருப்பார்கள் என்பது மீதிப் பாதி.

ஏ.டி.எம் கார்டு பாட்டிகிட்டயே இருக்கட்டும்

அரசு முதியோர் உதவித்தொகை இப்போது மாசம் 1,200 ரூபாய். அந்த ஏ.டி.எம் கார்டையும் பின் நம்பரையும் ஹோமில் `பத்திரமாக' வாங்கி வைத்துக்கொள்வது சில இடங்களில் வழக்கம். வேண்டாம். ஆதார் நகல் போதும், ஒரிஜினல் உங்களிடம். டெபாசிட் எவ்வளவு, விலகினால் எத்தனை நாளில் எவ்வளவு திரும்ப வரும், டயப்பர், டாக்டர் ஃபீஸ், பிசியோ எல்லாம் மாசக் கட்டணத்துக்குள்ளா வெளியிலா என்று எழுதி வாங்குங்கள். பேச்சுக்கு ரசீது கிடையாது. `ஆயுசுக்கும் பார்த்துக்கிறோம், வீட்டை மட்டும் டிரஸ்ட் பேருக்கு எழுதிக் குடுங்க' என்று யாராவது சொன்னால், வக்கீலைப் பார்க்காமல் பேனாவைத் தொடாதீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிவிட்டுப் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய 2007 சட்டத்தின் 23-வது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால், பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால்தான் வழக்கில் பிடிப்பு இருக்கும்.

இதே சட்டம் நம்மையும் பார்க்கிறது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. பெரியவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கைகழுவினால் மூன்று மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. சேர்த்துவிட்டு நம்பரை மாற்றிக்கொள்ளும் பேரன்களும் இருக்கிறார்கள். மூன்றாவது ஹோமின் அம்மா சொன்னதில் பாதி நேரம் அதைப் பற்றித்தான்.

யார் வந்து செக் பண்றாங்க?

குழந்தைகள் இல்லம் என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு, அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் அறிக்கை, ஒரு மாசத்தில் நடவடிக்கை. முதியோர் இல்லங்களுக்கு மத்தியச் சட்டத்தில் இந்த அளவுக்கு எதுவும் இல்லை. தரத்தை நிர்ணயிப்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. சட்டமாகவில்லை.

இங்கிலாந்தில் `கேர் குவாலிட்டி கமிஷன்' என்று ஒரு தனி அமைப்பு 2009-லிருந்து இயங்குகிறது. பாதுகாப்பு, பலன், அன்பு, தேவைக்கேற்ற கவனிப்பு, நிர்வாகம் என்று ஐந்து கேள்விகளை வைத்து ஒவ்வொரு ஹோமுக்கும் நான்கு ரகத்தில் ஒரு மதிப்பீடு கொடுப்பார்கள். அந்த மதிப்பீட்டை ஹோம் வாசலிலும் இணையதளத்திலும் போட்டாக வேண்டும். `மோசம்' என்று வந்தாலும் மறைக்க முடியாது. நாம் பிரியாணிக் கடைக்கு ஸ்டார் பார்க்கிறோம், ஹோமுக்குப் பார்க்க இங்கே அப்படி ஒன்று இல்லை.

ஆனால் கேட்டு வாங்க வழி உண்டு. தேனி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. `இந்த ஹோமின் பதிவு நிலை, கடைசியாக ஆய்வு செய்த தேதி, அறிக்கையின் நகல்' என்று மூன்றே கேள்வி. 30 நாளில் பதில் வர வேண்டும். அவசரம் என்றால் நேரில் போய்க் கேளுங்கள். ஏதாவது தப்பு நடப்பதாகத் தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை. உயிருக்கு ஆபத்து என்றால் 112. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமே மனு கொடுக்கலாம். பராமரிப்புத் தொகை, சொத்து விஷயமென்றால் ஆர்.டி.ஓ தலைமையிலான தீர்ப்பாயம். நம் மாவட்டத்தில் பெரியகுளம், உத்தமபாளையம் என்று ரெண்டு கோட்டம், உங்கள் ஊர் எதில் வருகிறதோ அங்கே.

அப்புறம், அந்த நோட்டு. மூன்றாவது ஹோமில் கட்டடம் பழசு, பெயின்ட் உதிர்ந்திருந்தது, சாய்தளம் அப்படி. ஆனால் விழுந்தவர்கள், ஆஸ்பத்திரி போனவர்கள், புகார் சொன்னவர்கள் என்று எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். போன மாசம் ரெண்டு பேர் விழுந்திருக்கிறார்கள். முதல் ஹோமில் கேட்டபோது, ``எங்க ஹோம்ல இதுவரைக்கும் யாருமே விழுந்ததில்ல சார்'' என்றார்கள். 40 பெரியவர்கள் இருக்கும் இடத்தில் யாருமே விழவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன். எழுதுகிற இடத்தை நம்பலாம்.

அங்கே இருந்தவர்களிடம் தனியாகவும் பேசினோம். `நல்லா பாத்துக்கிறாங்களா?' என்று கேட்டால், எல்லா ஹோமிலும் எல்லோரும் `நல்லா பாத்துக்கிறாங்கய்யா' என்றுதான் சொல்வார்கள். நாம் போன பிறகு அவர்கள் அங்கேதான் இருக்க வேண்டும். அதனால் வேறு மாதிரி கேளுங்கள். நேத்து ராத்திரி என்ன சாப்பாடு? வீட்டுக்கு எப்போ போன் பேசினீங்க? ராத்திரி பாத்ரூம் போகணும்னா யாரைக் கூப்பிடுவீங்க? கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டி, ``வசந்தியத்தான்... கூப்பிட்டா வந்துரும், திட்டிக்கிட்டே வரும்'' என்று சிரித்தார். நண்பன் அதைக் கேட்டதும் முடிவெடுத்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

முடிவெடுக்க வேண்டியவர் அம்மாச்சி. விருப்பமில்லாமல் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. அடுத்த ஞாயிறு அவரையே ஆட்டோவில் கூட்டிப்போய்க் காட்டினோம். பாத்ரூம், கட்டில், ஜன்னல் எல்லாம் பார்த்தார். ஒரு வாரம் தங்கிப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், ரெண்டு நிபந்தனையோடு. வெத்தலைப் பெட்டி கூடவே வரும். மாசம் பத்தாம் தேதி சீட்டுக் காசு கட்ட உத்தமபாளையம் கூட்டிப்போக வேண்டும். ஹோம் அம்மா ரெண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.